ரக்ஷாவின் குரலும் ஸ்டான்லியின் காதும்

ஸ்டான்லிக்குச் சோறு போட்டது சத்தம்தான். பத்தாவது முடித்ததும் சிங்கப்பெருமாள் கோயிலில் பார்த்திபன் என்பவர் வைத்திருந்த சவுண்ட் சர்வீசில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் அப்பா அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர். வயல்களெல்லாம் மனை போட்டு விற்கப்பட்ட பிறகு, அங்கே எழுந்த ஒரு கம்பெனியின் கேட்டில் யூனிஃபார்ம் போட்டு நின்றவர். மகன் ஒயர் சுற்றுவதையும் பாக்ஸ் தூக்குவதையும் அவர் ஒரு வேலையாகவே எண்ணவில்லை. யாராவது விசாரித்தால், "கல்யாண வூட்ல பாட்டு போடறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

ஆனால் ஸ்டான்லி பாட்டு போடுவதோடு நிற்கவில்லை. சில வருஷத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு முன்னால் நிற்கிற ஆள் ஆகிவிட்டான். எந்த மண்டபத்தில் எந்த மூலை முழங்கும், எந்தப் பேச்சாளர் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொள்வார், எந்தப் பாதிரியார் தள்ளி நின்று முணுமுணுப்பார் என்பதெல்லாம் அவனுக்குப் பழக்கம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை, கூழ் ஊற்றும் விழா, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம், பொத்தேரி பக்கத்துக் கல்லூரி விழா என்று வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தான். கல்லூரி விழா என்றால் பாஸ் ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்குவார்கள். பாட்டு தொடங்கியதும் போட்டிருக்கும் சட்டை துடிக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவனைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஸ்டான்லியும் கேலி செய்தவன்தான்.

அவனுக்குப் பிடித்தது என்னவோ எல்லாம் முடிந்த பிறகு வரும் சத்தம். ஜெனரேட்டரை நிறுத்தினால் அந்தப் பெரிய உறுமல் சட்டென்று செத்துவிடாது. இறங்கி இறங்கி, ஒரு முனகலாகி, காற்று எது ஜெனரேட்டர் எது என்று தெரியாத இடத்துக்குப் போய்ச் சேரும். அந்த இடத்தை அவன் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தான். பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், மண்டபத்து ஃப்ரிட்ஜ், கூடுவாஞ்சேரியில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் தூரத்தில் கரைவது. ஒரு ஒலியைப் பிடித்து எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று கல்லூரி விழாவுக்கு வந்த ஒரு பையன் லேப்டாப்பில் செய்து காட்டினான். அவ்வளவுதான். ஸ்டான்லியும் ஒரு பழைய லேப்டாப் வாங்கிவிட்டான்.

அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆன புதிது. மனைவி அம்சா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தாள். அவள் வேலை முடிந்து வரும்போது புருஷன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான்.

"இன்னா கேட்டுகினு கீற?"

ஒரு பக்கத்து ஹெட்போனை அவள் காதில் வைத்தான்.

"ஒண்ணுமே வர்லயே. ஏசி ஓடற மாதிரி கீது."

"அதான் பாட்டு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

இப்படிப்பட்ட இசைக்கு ஆம்பியன்ட் என்று ஒரு பெயர் உண்டு என்பதே அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. தாளம் கிடையாது, பல்லவி கிடையாது. மெதுவாக நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஒலி, அவ்வளவுதான். நாளெல்லாம் சத்தத்தில் நின்றவனுக்கு அது வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதுபோல இருந்தது.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பில்தான் ரக்ஷா பாடியதை முதலில் கேட்டான். அவள் திருவிடந்தைக்காரி. அப்பா ஸ்ரீனிவாசராகவன் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காலை வேளையில் பெருமாள் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பவர். ரக்ஷா சிறு வயதிலிருந்து சங்கீதம் கற்றவள். ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தாள். டிசம்பர் சீசனில் சென்னை சபாக்கள் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் மத்தியானத்து நேரம்தான். சாப்பிட்டுவிட்டு வந்து கண் அசருகிறவர்களுக்கு முன்னால் பாடிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் பிடித்து ஊர் திரும்புவாள்.

வரவேற்பிலும் யாரும் கேட்கவில்லை. போட்டோகிராபர் மேடையை மறைத்துக்கொண்டு நின்றான். ஒரு மாமா வந்து சினிமாப் பாட்டு ஒன்று கேட்டார். ரக்ஷா ஹம்சாநந்தியை எடுத்து ஆலாபனை செய்தாள். மேலே ஏறி ஒரு ஸ்வரத்தில் நின்றாள். மண்டபத்துக்குக் கடைசியில் மிக்சருக்கு முன்னால் ஹெட்போனோடு நின்ற ஸ்டான்லிக்கு மட்டும் அது கேட்டது. பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினான்.

கச்சேரி முடிந்ததும் தயங்கித் தயங்கிப் போய் நின்றான். "மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பாடனத ரெக்கார்ட் பண்ணிகினேன். அதுல கொஞ்சம் வேல பண்ணட்டுமா? புடிக்கலன்னா அழிச்சிடறேன்."

"என்ன வேலை?"

"நீட்டப் போறேன்."

அவளுக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. "ஏற்கெனவே நீட்டி நீட்டிப் பாடறேன்னுதான் எல்லாரும் எழுந்து போறா" என்றாள்.

அவன் செய்து அனுப்பியதை அவள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டாள். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நின்றபடியே போன் செய்தாள்.

"அண்ணா, இது என் குரல்தானா?"

"உங்களுதுதான் மேடம். மேல போய் ஒரு எடத்துல நின்னீங்க பாருங்க, அத மட்டும் எடுத்து வச்சிகினேன். வேற ஒண்ணும் சேக்கல."

"அது நிஷாதம்."

"பேரு தெரியாது மேடம். நீங்க நின்னது தெரிஞ்சுது."

அப்படித்தான் தொடங்கியது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தையல் கடை மாடியில் ஸ்டான்லி ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தான். சுவரில் பழைய மெத்தைப் பஞ்சை அடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு ரக்ஷா வருவாள். கீழே தையல் மெஷின்கள் ஓடாத நாள் அது ஒன்றுதான்.

முதல் சில மாதங்கள் ஒன்றும் சரிப்படவில்லை. அவன் கம்ப்யூட்டரில் வாசித்த ஒலிகள் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் அசையாமல் நிற்கும். அவளுடைய ஸ்வரங்களோ படிகளுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போகிறவை. இரண்டும் சேரும்போது பல் கூசியது.

"என் காந்தாரம் இங்க அசையணும் அண்ணா. உங்க மெஷின் அதைக் கம்பத்துல கட்டிப் போடறது" என்றாள்.

ஸ்டான்லி ஒரு வாரம் யோசித்தான். பிறகு கீபோர்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டான். பின்னணிக்கு வேண்டிய எல்லாவற்றையும் அவள் குரலிலிருந்தே எடுத்தான். அவள் அசைத்த காந்தாரத்தையே பல மடங்கு நீட்டி, அதன் அசைவே அலைபோல ஏறி இறங்கும்படி செய்தான். அதற்கு அடியில் தம்புராவும் கோவளம் பக்கத்துக் கடலும் இருந்தன. அவள் மறுபடி பாடியபோது பின்னணி அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் தன் பாட்டுக்குள் இவ்வளவு தூரம் வந்ததில்லை என்று பிற்பாடு ஒருமுறை சொன்னாள்.

ஸ்ரீனிவாசராகவன் ஒருநாள் மகளோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.

"ஸ்வரமெல்லாம் சுத்தமா இருக்கு. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

"இதான் சார் பாட்டு" என்றான் ஸ்டான்லி.

"அப்படியா?" என்று எழுந்துகொண்டார். படியிறங்கும்போது மட்டும் மகளிடம், "அந்தப் பிள்ளைக்கு நல்ல காது" என்றார்.

நல்ல காது அதற்குள் போக ஆரம்பித்திருந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் அம்சா. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவன் எழுந்து அணைக்க மாட்டான். அவளுடைய போன் அவன் கைக்கெட்டும் தூரத்தில் அடித்து ஓயும். "சட்டையை எடு" என்றால் "எந்த அட்டை?" என்பான்.

"காது கேக்குதாய்யா உனுக்கு?" என்று அவள் ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"ஹெட்போன் மாட்டி மாட்டி மந்தமா கீது. சரியாப்பூடும்."

சாயங்காலத்தில் பூச்சிகள் கத்துவது நின்றுபோனதை அவன் கவனிக்கவே இல்லை. இல்லாமல் போனதை எப்படிக் கவனிப்பது? அதற்குப் பதிலாக, சுற்றிலும் அமைதியாக இருக்கும்போதெல்லாம் காதுக்குள் ஒரு கொசு பறக்கிறாற்போல ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் தொல்லை தாங்காமல்தான் அம்சாவுக்குச் சொல்லாமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு எதுவும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று வெளியே பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இன்னும் மெஷினைத் திருகிக்கொண்டே, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தாளில் காட்டிய கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு கல்குவாரி வெட்டு மாதிரி செங்குத்தாக இறங்கியது.

"என்ன வேலை செய்றீங்க?"

"சவுண்டுல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கீச்சுச் சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு. போனது திரும்பாதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். இனிமே அந்தப் பெரிய பாக்ஸ் பக்கத்துல நிக்காதீங்க."

"பாட்டு கேக்கலாமா?"

"பேச்சுக்கு மெஷின் வைக்கலாம். பாட்டுக்கு அவ்வளவா உதவாது."

அம்சாவிடம், காதில் அழுக்கு இருந்ததாம், எடுத்துவிட்டார்கள் என்றான். ரக்ஷாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் ஒரு சாயங்காலம் முழுக்க அவர்கள் இருவரும் நேரில் நிகழ்ச்சி நடத்துவதாகப் பேச்சு முடிந்திருந்தது. இணையத்தில் அவர்கள் போட்டதைக் கேட்டுவிட்டு ரிசார்ட்காரர்களே கூப்பிட்டது. சொன்னால் ரக்ஷா வருத்தப்படுவாள், வருத்தப்பட்டுப் பண்பாக விலகிவிடுவாள் என்று ஸ்டான்லிக்குத் தோன்றியது. அவனுக்கென்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

அதன் பிறகு அவன் செய்தவற்றில் ஒரு கூர்மை ஏறிக்கொண்டே போனது. அவள் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவனுக்குக் கேட்டது. போர்வையை விலக்குவதாக நினைத்துக்கொண்டு குரலின் உயர்ந்த பகுதியை ஏற்றினான். போதவில்லை, இன்னும் ஏற்றினான். பின்னணியில் மணியோசை மாதிரி ஒரு மினுக்கம் சேர்த்தான். அது கேட்கும் வரை அதையும் ஏற்றினான். திரையில் ஒலியின் படம், உயர்ந்த ஒலிகளைக் காட்டும் வலது பக்கம் மலைபோல எழுந்து நின்றது. 'கண்ணால மிக்ஸ் பண்றவன் சவுண்டுக்காரன் இல்ல' என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் எப்போதும் சொல்லுகிறவன் அவன். படத்தை மூடி வைத்துவிட்டுக் காதை நம்பினான்.

ரக்ஷா வீட்டில் அதைக் கேட்டபோது அவளுடைய 'ச' ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி கீறியது. முதலில், இது அவனுடைய புது ரசனை போலிருக்கிறது என்று நினைத்தாள். அவனுடைய காதைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகு மெல்ல, தன் குரல்தான் கெட்டுவிட்டது என்ற எண்ணம் வந்தது. நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மேலே கத்திப் பாடுகிற தொண்டை. சென்னையில் தொண்டை டாக்டரிடம் போனாள். ஒன்றும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை. மைக் முன்னால் இன்னும் மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். அவள் அடக்க அடக்க, அவனுக்கு இன்னும் கேட்காமல் போனது. அவன் இன்னும் ஏற்றினான். வரப்போகிற டிசம்பர் சீசனுக்கு முதல் தடவையாக ஒரு சபா அவளுக்குச் சாயங்கால நேரம் கொடுத்திருந்தது. தொண்டை சரியில்லை என்று அதை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஸ்டான்லியிடம் இதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர்க்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரிசார்ட்டின் புல்வெளிக்கு அப்பால் கடல். பிரம்பு நாற்காலிகளில் ஜோடிகள், சில வெளிநாட்டுக்காரர்கள், பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம். வெயில் தணிந்து காற்று நன்றாக இருந்தது. ரக்ஷா சுபபந்துவராளியில் தொடங்கினாள். தம்புராவும் அடியில் ஓடிய ஒலியும் கடலோடு சேர்ந்துகொண்டன. நாற்காலிகளில் அசைவு நின்றது. வரவேற்பு மண்டபங்களில் கிடைக்காத அந்த அமைதி இங்கே கிடைத்துவிட்டது என்று ஸ்டான்லிக்கு மார்பு விம்மியது. அடுக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

முன் வரிசையில் ஒரு பெண் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தொட்டாள். ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தது. இருவர் எழுந்து நீச்சல்குளத்தின் பக்கம் நடந்தார்கள். குரல் அவர்களைச் சேரவில்லை என்று ஸ்டான்லி நினைத்தான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். டிரே ஏந்தி வந்த பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான். ஒரு நாய் ஊளையிட்டதாக அங்கிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஸ்டான்லிக்கு அதுவும் தெரியாது.

ரக்ஷா பாட்டை நிறுத்தினாள். மைக்கை வைத்துவிட்டு அவன் மேஜைக்கு வந்து, கையை நீட்டி, அவன் ஏற்றி வைத்திருந்த விசையை அவளாகவே கீழே இழுத்தாள்.

"ஸ்டான்லி அண்ணா, இது உங்களுக்குக் கேக்கலையா?"

"எது மேடம்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. எதைக் கேட்கிறாள் என்று உண்மையிலேயே தெரியாமல், அவள் சொல்லப்போகும் பதிலுக்காக அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பிப் போய் உட்கார்ந்து, தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நேரத்தைப் பாடி முடித்தாள். மிச்சம் இருந்தவர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஸ்டான்லி மேஜைக்குப் பின்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

பாக்ஸ்களை வேனில் ஏற்றும்போது அவள் வந்தாள்.

"எப்போலேந்து?"

"ஆஸ்பத்திரில சொன்னது பங்குனில. எப்போலேந்துன்னு எனக்கே தெரியாது மேடம்."

"நான் தொண்டை டாக்டர்கிட்ட போனேன். என் குரல் போயிடுத்துன்னு நெனச்சுண்டு போனேன். சாயங்காலக் கச்சேரி வந்தது, அதை வேண்டாம்னு சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணா?"

இது எதுவும் அவனுக்கு அதுவரை தெரியாது. "எனக்கு நீங்க போர்வைக்குள்ள பாடற மாதிரி கேட்டுச்சு. வெளிய கொண்டாரணும்னு பாத்தேன். அவ்ளோதான் மேடம் எனுக்குத் தெரியும்."

அவள் வேனில் ஏறவில்லை. அப்பாவுக்கு போன் செய்து வண்டி கொண்டுவரச் சொன்னாள்.

ஆனாலும் அவள் நல்லவள். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறி வந்தாள். அதற்குள் அம்சாவுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டித் தீர்த்துவிட்டு, அலைந்து திரிந்து காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டிருந்தாள். அம்சா பேசுவது இப்போது தெளிவாகக் கேட்டது. பாட்டுதான் கெட்டது. அந்த மெஷினுக்கு நீளமாக நிற்கிற ஸ்வரம் என்றால் சந்தேகம். தானே எழுப்பும் விசில் என்று நினைத்து அதை அழிக்கப் பார்க்கும். ரக்ஷா ஷட்ஜத்தில் நின்றால் ஸ்டான்லியின் காதுக்குள் அது தண்ணீரில் விழுந்த வெளிச்சம் மாதிரி நடுங்கி உடைந்தது. தம்புராவும் நடுங்கியது. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டான்.

"நான் சொல்றேன், நீங்க பண்ணுங்கோ" என்றாள் ரக்ஷா.

அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "இங்க கூர்மையா இருக்கு, குறையுங்கோ. இன்னும். இப்போ சரி." அவள் சொன்னாள், அவன் செய்தான் என்று மட்டும் இல்லை, உண்மையிலேயே இருவரும் பொறுமையாக முயன்றார்கள். மழைக்காலம் முழுக்க முயன்றார்கள். ஒரு பாட்டு முடிந்தது. அதைக் கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒருநாள் அவன் ஒன்றைச் செய்து போட்டுக் காட்டினான். அவள் கேட்டுவிட்டு, "நன்னா இருக்கு அண்ணா" என்றாள். அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, பாவப்பட்டுச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழியும் இல்லை.

"போதும் மேடம்" என்றான்.

"என்ன போதும்?"

"நான் பண்ணது நல்லா கீதான்னு உங்களக் கேட்டுத் தெரிஞ்சிக்கணும். நீங்க சொன்னா நம்பணும். அப்போ நான் இன்னாத்துக்கு? வேற நல்ல ஆளா பாருங்க. எல்லாத்தையும் டிஸ்க்ல போட்டுத் தரேன்."

அவள் மறுத்தாள். இரண்டு மூன்று ஞாயிறு வந்து பார்த்தாள். அறை பூட்டியிருந்தது. பிறகு அவன் தந்த டிஸ்கை எடுத்துக்கொண்டு போனாள். சென்னையில் ஒரு இளைஞனோடு சேர்ந்து வேலை செய்யப் போவதாக அவளே வீட்டுக்கு வந்து ஸ்டான்லியிடம் சொன்னாள். அம்சா காபி கொடுத்தாள். மூவரும் வேறு எதையோ பேசினார்கள்.

பார்த்திபன் அவனை மிக்சரிலிருந்து எடுத்துவிட்டார். "கோச்சிக்காத ஸ்டான்லி. உன்ன நம்பி மைக்க வுட முடியாது" என்று அவனுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னார். கொஞ்ச நாள் ஒயர் சுற்றினான், பாக்ஸ் தூக்கினான். பாக்ஸ் பக்கத்தில் நின்றால் மிச்சமும் போய்விடும் என்று அம்சா சண்டை போட்டதில் அதையும் விட்டான். தையல் கடைக்காரர் மாடி அறையில் துணி மூட்டைகளை அடுக்கிக்கொண்டார். சுவரில் இருந்த பஞ்சைப் பிய்க்கவில்லை. எலி வரும் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை. தட்டு கழுவுகிற இடம். எவர்சில்வர் தட்டுகளைத் தொட்டியில் கொட்டும் சத்தத்தில் அங்கே யாரும் நிலைத்து நிற்பதில்லை. வந்த ஆட்களெல்லாம் தலைவலி என்று சமையலுக்கோ பரிமாறவோ மாறிப் போய்விட்டார்கள். ஸ்டான்லி மட்டும் சலிக்காமல் நிற்கிறான். "உன்ன மாதிரி ஆள் கெடைக்க மாட்டான்யா" என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டுகிறார்.

போன தையில் ஒரு மத்தியானம் ரக்ஷாவிடமிருந்து செய்தி வந்தது. புது ஆல்பம் வெளியாகிவிட்டது, முதலில் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதி, இணைப்பையும் அனுப்பியிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மெஸ்ஸின் பின்வாசலுக்குப் போனான். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இணைப்பின் மேல் விரலை வைத்தான், அழுத்தவில்லை. எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.

'கேட்டேன் மேடம். ரொம்ப நல்லா வந்து கீது' என்று எழுதி அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. 'எந்த இடம் பிடிச்சது அண்ணா?'

உள்ளே அடுத்த பந்தியின் தட்டுகள் வந்து குவிந்துவிட்டன. யாரோ கையாட்டிக் கூப்பிட்டார்கள். 'எல்லாமே' என்று எழுதிவிட்டு உள்ளே போனான்.